முன் சீட்டில் உட்கார்ந்திருந்தவள்

எங்கள் சலூனில் அவளுக்குக் கத்திரி என்று பெயர். கையில் இருந்த கத்திரியால் வந்த பெயரா, வாயில் இருந்ததால் வந்ததா என்று யாரும் ஆராய்ந்ததில்லை; இரண்டும் ஒரே வேகத்தில்தான் ஓடும். முடி வெட்ட வந்து உட்கார்ந்தவளிடம், "உன் மூஞ்சிக்கு இந்த வெட்டு எடுபடாது. சொல்லிட்டேன். அப்புறம் கண்ணாடியைப் பார்த்து அழக் கூடாது" என்று நேருக்கு நேர் சொல்லுவாள். அப்படித் திட்டு வாங்கியவர்களே அடுத்த மாதம் வந்து, அவள் நாற்காலி காலியாகும் வரைக்கும் காத்திருப்பார்கள். அவள் வெட்டினால் முடி தானாக விழுந்து படியும். நான் அடுத்த நாற்காலியில் சாயம் பூசுகிறவள். அவளுக்கு நடந்ததில் பாதியைக் கண்ணால் பார்த்தேன், மீதியை அவள் வாயால் கேட்டேன்.

அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டால், "ஒருத்தனை வளர்த்து ஆளாக்கினதே போதும்" என்பாள். அந்த ஒருத்தன் அவள் தம்பி. அப்பா சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மா நோயாளி. பத்தாவது முடித்த கையோடு சலூனில் தரை கூட்டப் போனவள், அந்தச் சம்பளத்தில் அவனைப் படிக்க வைத்தாள். அவன் கட்டட காண்ட்ராக்டர் ஆனான். பெரிய வீடு கட்டி அம்மாவைத் தன்னோடு வைத்துக்கொண்டான். வீட்டுக்கேற்ற மாதிரி பெரிய கார் ஒன்றும் வாங்கினான். இவள் பழைய வாடகை வீட்டிலேயே தனியாக இருந்தாள். அக்காவும் தம்பியும் சந்தித்தால் சண்டைதான். ஆனால் அது வீட்டுச் சண்டை. காலையில் முறைத்துக்கொண்டால் மாலையில் போன் பேசிவிடுவார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சித்தியைப் பார்த்துவிட்டு இரண்டு பேரும் காரில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவன் ஓட்டினான். இவள் முன் சீட்டில். அம்மாவைப் பகலெல்லாம் தனியாக விட்டுவிட்டுப் போகிறான் என்று இவள் ஆரம்பித்தது வரைக்கும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறம் ஞாபகம் வருவது ஆஸ்பத்திரியின் வெள்ளை விளக்கு. கார் ஒரு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதியிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த பக்கம்தான் சுவர் பக்கம். மோதிய வேகத்தில் முன்னால் தூக்கி எறியப்பட்டு, வலது தோள்பட்டை டாஷ்போர்டில் இடித்து நொறுங்கி, கைக்குப் போகிற நரம்பும் நசுங்கிவிட்டது. தம்பிக்குச் சட்டை கூடக் கசங்கவில்லை.

அவள் கண் திறந்ததும் அவன் கட்டில் பக்கத்தில் குனிந்து நின்றான்.

"அக்கா, போலீஸ்காரர் வெளியில நிக்கிறாரு. நாய் குறுக்க வந்துச்சுன்னு சொல்லிடு."

"நாயா?"

"நான் போன் பேசிட்டு ஓட்டினேன்னு தெரிஞ்சா லைசென்ஸைப் புடுங்கிடுவாங்க. எனக்கு எடுத்திருக்கிற வேலையெல்லாம் போயிடும். ப்ளீஸ்க்கா. நாய்னு சொல்லு."

வலி மருந்து ஏறிக்கொண்டிருந்தது. போலீஸ்காரர் வந்து கேட்டார். நாய் வந்தது என்று சொன்னாள். என்ன நிறம் என்று கேட்டார். கருப்பு என்றாள். பின்னால் இதைச் சொல்லும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மயக்கத்துல கிடந்தேன், இல்லாத நாய்க்குக் கலர் வேற அடிச்சுக் கொடுத்திருக்கேன் பாரு!"

ஆபரேஷன் ஆயிற்று. கட்டைப் பிரித்தார்கள். கை மார்பு உயரத்துக்கு மேல் எழும்பவில்லை. முடி வெட்டுகிறவளுக்குத் தோள் எழும்பாவிட்டால் பாடகிக்குத் தொண்டை போன மாதிரி. ஒரு நாள் சலூனுக்கு வந்து பார்த்தாள். பழைய வாடிக்கையாளர் ஒருத்தி ஆசையாக உட்கார்ந்தாள். சீப்பு இரண்டு தடவை கைநழுவி விழுந்தது. மூன்றாவது தடவை நான் குனிந்து எடுத்துக் கொடுத்தேன். "உன்கிட்ட யாருடி கேட்டா?" என்று என்மேல் பாய்ந்தாள். கொஞ்ச நாளில் முதலாளி அவள் நாற்காலிக்கு வேறொரு பெண்ணை வைத்துவிட்டார்.

ஆரம்பத்தில் தம்பி, "நான் இருக்கேன்ல, நீ எதுக்குக் கவலைப்படறே" என்று சொல்லி வீட்டுச் செலவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். அப்புறம் நேரில் வராமல் ஆள் மூலம் அனுப்பினான். அப்புறம் அதுவும் நின்றது. போன் செய்தால், "சைட்ல இருக்கேன்" என்பான்.

அந்தச் சமயத்தில்தான் தம்பியின் கார் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஓர் அதிகாரி அவள் வீட்டுக்கு வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில் பழக்கூடை. நான் அப்போது அவளுக்குத் தலை பின்னி விடப் போயிருந்தேன். ஒரு கையால் அவளுக்கு அது முடியாது. அதிகாரி அவளை அம்மா அம்மா என்று அழைத்தார். உடம்பை விசாரித்தார். ஆண்டவன் புண்ணியத்தில் உயிர் பிழைத்தீர்கள் என்றார். பிறகு ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நாய் குறுக்க வந்தா யார்தான் என்னம்மா பண்ண முடியும்? யார் மேலயும் தப்பில்ல. அதனால சட்டப்படி நாங்க எதுவும் தர வேண்டியதில்ல. இருந்தாலும் உங்க சிரமத்தைப் பார்த்து மேலிடத்துல பேசி இதை வாங்கிட்டு வந்திருக்கேன். இங்க ஒரு கையெழுத்து போட்டா நாளைக்கே உங்க கணக்குல விழுந்துடும். இத்தோட எல்லாம் முடிஞ்சுது."

தொகை சின்னதுதான். ஆனால் அவள் இருந்த இருப்பில் அது பெரிசு. பேனாவை வாங்கினாள். வலது விரல்களுக்குப் பேனா நிற்கவில்லை. இடது கைக்கு மாற்றினாள். கோணலாக ஏதோ வந்தது. அதிகாரி பொறுமையிழந்து பையிலிருந்து மைப்பெட்டியை எடுத்தார்.

"எதுக்கும்மா கஷ்டப்படறீங்க? கைநாட்டு வெச்சிடுங்களேன். உங்களை மாதிரி உள்ளவங்களுக்கு அதுதான் சுலபம்."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னை மாதிரின்னா?"

"இல்லம்மா, நான் தப்பா ஒண்ணும்…"

"கைநாட்டா வைக்கணும் நான்? யாருகிட்ட பேசிட்டிருக்கே? நான் படிச்சு, இன்னொருத்தனையும் படிக்க வெச்சவ. எழுந்திரு."

அதிகாரி எழுந்துகொண்டார். வாசல் வரைக்கும் அவர் பின்னாலேயே போனாள். பழக்கூடையை எடுத்து அவர் கையில் திணித்தாள். பாதி வழியில் ஒரு ஆரஞ்சு உருண்டு விழுந்தது. அதையும் காலால் வெளியே தள்ளினாள். அன்றைக்கு அவளைக் காப்பாற்றியது புத்தியில்லை, கோபம்தான். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தெரியாது.

தெரிய வைத்தது என்னிடம் நரைக்குச் சாயம் பூசிக்கொள்ள வருகிற ஒரு வக்கீலம்மா. சிடுசிடுப்பில் கத்திரிக்குக் கொஞ்சமும் குறைந்தவரில்லை. சாயம் ஊற வேண்டிய நேரத்தில் விஷயத்தைச் சொல்லி, கத்திரியையும் வரவழைத்து எதிரில் உட்கார வைத்தேன். தலையில் பிளாஸ்டிக் உறையோடு வக்கீலம்மா விசாரணையை ஆரம்பித்தார்.

"அந்தக் கம்பெனிக்காரன் சொன்னதுல பாதி பொய். யார் தப்பா இருந்தா என்ன, காருக்குள்ள இருந்து அடிபட்டவளுக்கு வைத்தியச் செலவும், வேலைக்குப் போக முடியாத காலத்துக்கு ஒரு பங்குச் சம்பளமும் அந்தப் பாலிசியிலேயே உண்டு. நாய் வந்தாலும் உண்டு, யானை வந்தாலும் உண்டு. அதைக் கேட்டு எழுதணும். யாராவது எழுதினீங்களா?"

"இல்ல."

"தம்பி சொல்லலையா?"

"இல்ல."

"நல்ல தம்பி. வைத்தியச் செலவும் சம்பளமும் முதல் பங்கு. அது கொஞ்ச காலத்துக்குத்தான், அதுக்கும் ஒரு உச்சவரம்பு இருக்கு. ரெண்டாவது பங்குதான் பெரிசு. கை இனிமே பழையபடி வராது, தொழில் போச்சு, வலி இருக்கு, அதுக்கெல்லாம் சேர்த்து. அது வேணும்னா, ஓட்டினவன் மேல தப்புன்னு நிரூபிக்கணும்."

கத்திரி முகம் சுருங்கியது. "தம்பி மேல கேஸ் போடச் சொல்றீங்களா?"

"பேருக்குத்தான் அவன். கொடுக்கப் போறது கம்பெனி. அவன் வருஷா வருஷம் பிரீமியம் கட்டறது எதுக்கு? தன் காரால யாருக்காவது அடிபட்டா அவங்களுக்குக் கொடுக்கறதுக்குத்தான். அந்த யாரோ ரோட்டுல போறவனா இருந்தாலும் சரி, கூடப் பொறந்தவளா இருந்தாலும் சரி. அவன் பாக்கெட்டுக்கு ஒண்ணும் ஆகாது. மிஞ்சிப் போனா அபராதம் வரும், அடுத்த வருஷம் பிரீமியம் ஏறும். சரி, சொல்லு. உண்மையிலேயே நாய் வந்துச்சா?"

கத்திரி என்னைப் பார்த்தாள். நான் சாயக் கிண்ணத்தைப் பார்த்தேன்.

"வரல. போன் பேசிட்டிருந்தேன்னு அவனே ஆஸ்பத்திரியில சொன்னான்."

"வேற யாராவது கேட்டாங்களா?"

"இல்ல."

வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "அப்போ நீதான் போலீஸ்ல போய், நான் அன்னைக்குச் சொன்னது பொய்னு சொல்லணும். சொன்னா, 'அன்னைக்குப் பொய் சொன்னவ இன்னைக்கு மட்டும் உண்மையையா சொல்றா?'ன்னு கம்பெனி கேட்கும். உன்னை நார் நாராக் கிழிப்பாங்க. சொல்லலேன்னா, ரெண்டாவது பங்கை மறந்துடு. வீட்டுக்குப் போய் யோசி. ஏம்மா, என் தலை எரியுது, கழுவி விடறியா இல்லையா?"

கத்திரி யோசித்துக்கொண்டு உட்கார்கிறவள் இல்லை. மறுநாளே தம்பி கட்டிக்கொண்டிருந்த கட்டடத்துக்குப் போனாள். சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவில், வேலையாட்கள் பார்த்துக்கொண்டிருக்க, விஷயத்தைச் சொன்னாள். அவன் பாக்கெட்டுக்கு எதுவும் ஆகாது என்று வக்கீல் சொன்னதையும் சொன்னாள். அவன் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

"என் மேல கேஸா? சொந்த அக்கா கேஸ் போட்டான்னு ஊர் சிரிக்கட்டும்னா?"

"கம்பெனி மேலடா."

"என் பேர் இருக்குமில்ல? போன் பேசிட்டு வண்டி ஓட்டி அக்கா கையை உடைச்சவன்னு எழுதுவாங்கல்ல? நாளைக்கு எவன் என்னை நம்பி வேலை கொடுப்பான்?"

"கை உடைஞ்சது நிஜம்தானே?"

"நான் என்ன வேணும்னா உடைச்சேன்?"

"வேணும்னு உடைச்சேன்னு நான் சொல்லல. நீ உடைச்சேன்னுதான் சொல்றேன்."

அவன் தலைக்கவசத்தைக் கழற்றி மணல் குவியலில் எறிந்தான். "பேராசை பிடிச்சுப் போச்சு உனக்கு. போ. இனிமே அக்காவும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

அவள் அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். முதலில் கொடுத்த வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்றாள். அங்கிருந்தவர் கேட்ட கேள்விகளை அவள் எங்களிடம் திரும்பச் சொன்னதே இல்லை. அன்றைக்கு மட்டும் சலூனுக்கு வந்து, ஒரு மூலையில் உட்கார்ந்து, பத்திரிகையைத் தலைகீழாக வைத்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவள் அம்மா வந்தார். சலூன் நிறைய ஆட்கள் இருந்த சனிக்கிழமை. அந்தம்மாளால் நடக்கவே முடியாது. வாடகை வண்டியில் வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி இரக்கப்பட்டு, தலை கழுவி உலர்த்திவிடுகிற சில்லறை வேலைகளைக் கத்திரிக்குக் கொடுத்திருந்தார். அவள் இடது கையில் டிரையரோடு நின்றிருந்தாள்.

"உனக்கு மனசாட்சி இருக்கா?" என்று ஆரம்பித்தார் அம்மா. "அவன் ராத்திரியெல்லாம் தூங்காம உட்கார்ந்திருக்கான். கை போச்சு, சரி. உயிர் இருக்குல்ல? உனக்கு யாரு இருக்கா, பிள்ளையா குட்டியா? அந்தப் பணத்தை வெச்சு என்ன பண்ணப் போறே?"

கத்திரி டிரையரை அணைத்தாள்.

"சாப்பிடப் போறேன்."

"என்ன?"

"சாப்பிடப் போறேம்மா. தினமும் பசிக்குது. பிள்ளை குட்டி இல்லாதவளுக்கும் பசிக்கும்."

"என் வயித்துல பொறந்த ரெண்டுல ஒண்ணு இப்படி…"

"ரெண்டுல ஒண்ணுக்குத்தான் கை இல்ல. நீ எந்தப் பக்கம் வந்து நிக்கறே பாரு."

அந்தம்மாள் போன பிறகு கத்திரி டிரையரை மறுபடி போட்டாள். நாற்காலியில் இருந்த வாடிக்கையாளர் அழுதுகொண்டிருந்தார், இவள் அழவில்லை. "நேரா உட்காருங்க, ஆடினா முடி கலையும்" என்றாள்.

வக்கீலம்மா இரண்டு பங்கையும் கேட்டுக் கம்பெனிக்கு எழுதினார். கம்பெனி சும்மா இருக்கவில்லை. தங்கள் டாக்டரிடம் அனுப்பியது. அந்த ஆள் அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் கையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார். அவள் தோளைத் தொட்டது ஒரு தடவைதான். அறிக்கையில் 'முயன்றால் தூக்க முடியும்' என்று வந்தது. "அவன் முயன்றா மனுஷனா கூட ஆகலாம்" என்றாள் கத்திரி.

அடுத்ததாக ஒரு போட்டோ. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி அலுவலகத்துக்கு அழைத்திருந்தார்கள். வக்கீலம்மாவுக்கும் அவளுக்கும் துணையாக நானும் போனேன். அதே பழக்கூடை அதிகாரிதான். இந்தத் தடவை கூடையும் இல்லை, அம்மா என்ற அழைப்பும் இல்லை. மேஜைமேல் போட்டோவைத் தட்டிப் போட்டார். சலூனில் கத்திரி, தலைக்கு மேல் கையைத் தூக்கி டிரையர் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நன்றாகத் தெரிகிறது, வலது கை.

"கை தூக்க முடியாதவங்க செய்யற வேலையா இது?" என்றார்.

அவள் வலது கையால் டிரையர் பிடித்து நான் பார்த்ததேயில்லை. கத்திரி போட்டோவை முறைத்துப் பார்த்தாள். வாய் திறக்கப் போனவளை வக்கீலம்மா முழங்கையால் இடித்து அடக்கினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, போட்டோவின் ஓரத்தில் விரலை வைத்தார்.

"இங்க சுவத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க சார்."

அதிகாரி குனிந்தார். விலைப் பட்டியல். எழுத்தெல்லாம் இடம் வலமாகத் திரும்பியிருந்தது. கடைக்கு வெளியே தெருவிலிருந்து ஒளிந்து எடுத்தவன், எதிர்ச் சுவரில் இருந்த எங்கள் பெரிய கண்ணாடியில் தெரிந்த பிம்பத்தை எடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

"இடது கை சார் இது. கண்ணாடியில வலதாத் தெரியுது. இதை நீங்க விசாரணையில தாராளமா காட்டுங்க. எனக்கும் சிரிச்சு ரொம்ப நாளாச்சு."

அதிகாரிக்கு முகம் கறுத்தது. மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. போட்டோவை எடுத்து உறைக்குள் வைத்துக்கொண்டு, "அப்போ விசாரணையிலேயே பார்த்துக்கலாம்" என்றார். படியிறங்கும்போது கத்திரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "என் கடைக்கு வெளிய நின்னு என்னைப் போட்டோ எடுத்திருக்கான். எத்தனை நாள் நின்னானோ?" அதற்கப்புறம் பல மாதம், சலூனுக்கு எதிரில் யாராவது நின்றால் வாசலுக்குப் போய், "என்ன வேணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் வருவாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பாவம்.

விசாரணை நடந்த அறை பள்ளிக்கூட வகுப்பறை மாதிரி இருந்தது. மேஜைக்குப் பின்னால் தீர்ப்புச் சொல்கிற நடுவர், வயதான மனிதர். அக்காவுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு நடைபாதை அளவு இடம். அவன் கம்பெனி பக்கத்து சாட்சி. கூண்டு ஒன்றும் இல்லை, ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்து, அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"நாய் வரலங்க. அதை ஒத்துக்கறேன். அக்காவைக் காப்பாத்தறதுக்காகத்தான் அப்படிச் சொன்னோம். அன்னைக்கு அம்மா விஷயமா அவங்க என்கூடச் சண்டை போட்டாங்க. கத்தினாங்க. கோபத்துல கையை நீட்டி ஸ்டீயரிங்கைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. அதனாலதான் வண்டி சுவர்ல போய் மோதுச்சு."

கத்திரி எழுந்திருக்கவில்லை. கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்தேன். அதில் கோபத்தை விடச் சந்தேகம் அதிகமாக இருந்தது. அன்றைக்குக் கத்தினது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது. கடைசி நிமிஷம் ஞாபகம் இல்லை. இடைவேளையில் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து என்னிடம் மெதுவாகக் கேட்டாள், "நான் இழுத்திருப்பேனாடி? என் குணம் உனக்குத் தெரியுமே. இழுத்திருந்தாலும் இழுத்திருப்பேன்ல?"

அவள் கோபத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இடைவேளைக்குப் பிறகு வக்கீலம்மா ஒரு சாட்சியைக் கூப்பிட்டார். விபத்து நடந்த நேரத்தில் தம்பியின் போனில் யார் பேசியது என்று நடுவரிடம் உத்தரவு வாங்கி, போன் கம்பெனியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். ஒரு டைல்ஸ் கடைக்காரர். குண்டான ஆள், வேர்த்து வழிந்து, கடையைப் பூட்டிவிட்டு வர வைத்துவிட்டார்கள் என்று எல்லோர்மேலும் எரிச்சலாக வந்தார். அவர் கத்திரியை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

"அன்னைக்கு இவர்கூட போன்ல பேசினீங்களா?" என்று வக்கீலம்மா கேட்டார்.

"பேசினேன். குளியலறைக்கு எந்தக் கலர் டைல்ஸ்னு நான் கேட்டேன், இவரு சொல்லிட்டிருந்தாரு. அப்போ டமார்னு ஒரு சத்தம். லைன் கட்டாயிடுச்சு."

"அதுக்கு முன்னாடி வேற யார் குரலாவது கேட்டுச்சா?"

"கேட்டுச்சாவா? ஒரு பொம்பளை என்னைத் திட்டிச்சு!"

நடுவர் தலை நிமிர்ந்தார். "உங்களையா?"

"என்னைத்தாங்க! நான் என்ன பாவம் பண்ணேன்? 'போனை வைடா, முன்னாடி பாருடா'ன்னு முதல்ல இவரைத் திட்டிச்சு. அப்புறம் போனுக்குக் கிட்ட வந்து, 'யோவ், அந்தப் பக்கம் இருக்கறவனே, உனக்கு அறிவில்ல? வண்டி ஓட்டறவன்கிட்ட டைல்ஸ் பத்தி என்னய்யா பேச்சு, போனை வைய்யா'ன்னு என்னைப் பார்த்து… யோவ்னு! என்னைப் பெத்தவங்ககூட அப்படிக் கூப்பிட்டதில்லங்க. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், இவரு மறுபடி கலரைச் சொன்னாரு, அதுக்குள்ள டமார்."

"ஸ்டீயரிங்கை விடுன்னு இவர் சொன்னது கேட்டுச்சா?"

"அதெல்லாம் இல்லங்க. 'வெண்ணெய்க் கலர் போதும்'னு சொன்னாரு. அதான் கடைசி வார்த்தை."

அறையின் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிக் கத்திரியைப் பார்த்தேன். அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அத்தனை மாதத்தில் அன்றைக்குத்தான் அழுதாள். டைல்ஸ் கடைக்காரர் நாற்காலியை விட்டுப் போகும்போது அவள் எழுந்து, "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே" என்றாள். அந்த மனிதர் குரலைக் கேட்டதும் துள்ளித் திரும்பினார். "இதே குரல்தான்!" என்று நடுவரிடம் கையை நீட்டிக் காட்டிவிட்டு வெளியேறினார்.

தீர்ப்பு சில வாரம் கழித்து வந்தது. ஓட்டியவன்மேல்தான் தப்பு, முன் சீட்டில் இருந்தவள்மேல் இல்லை. வைத்தியத்துக்கும், நிறுத்தி வைத்திருந்த சம்பளப் பங்குக்கும், இனி எழும்பாத கைக்கும் கம்பெனி கொடுக்க வேண்டும். ஆனால் நடுவர் அவளையும் விடவில்லை. போலீஸில் பொய் சொன்னதற்கு எல்லோர் முன்னாலும் கண்டித்தார். அந்தப் பொய்யால் ஆன தாமதத்துக்கு வட்டி கிடையாது என்றார். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டாள். தம்பிக்கு அபராதமும், கொஞ்ச காலம் வண்டி ஓட்டத் தடையும். வக்கீலம்மா ஆரம்பத்தில் சொன்ன மாதிரியே அவன் சட்டைப்பையிலிருந்து பெரிதாக எதுவும் போகவில்லை. அவன் வேலைகளும் போகவில்லை.

தாழ்வாரத்தில் அவன் அவளைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. நின்றான்.

"இப்போ சந்தோஷமா?"

"இல்ல" என்றாள்.

"அப்புறம் எதுக்கு இதெல்லாம்?"

"நீ அந்த நாற்காலியில உட்கார்ந்து சொன்னியே, நான் இழுத்தேன்னு. அந்த இடைவேளை முழுக்க நானே அதை நம்பினேன்டா. கை போனதைக்கூட மன்னிச்சிருப்பேன். இதை மன்னிக்க மாட்டேன்."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். அதற்கப்புறம் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேரும் போகிற விசேஷ வீடுகளில், ஒருவர் வந்தால் இன்னொருவர் கிளம்பிவிடுவார்கள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அவளைப் பணப்பேய் என்கிறார்கள். அவள் காதுக்கு அது வராமல் இல்லை. வந்தால், சொன்னவள் வீட்டுக்கே நேரில் போய், "என்னமோ சொன்னியாமே" என்று கேட்டுவிட்டு வருகிறாள்.

வந்த பணத்தில் இன்னொரு ஆபரேஷன் செய்துகொண்டாள். கை கன்னம் வரைக்கும் எழும்புகிறது, அதற்கு மேல் இல்லை. மிச்சத்தில் இரண்டு தெரு தள்ளிச் சின்னதாக ஒரு கடை போட்டு, என்னையும் கூட அழைத்துக்கொண்டாள். தேடிப் பிடித்து, தரையோடு இறங்குகிற மாதிரி ஒரு நாற்காலி வாங்கினாள். வாடிக்கையாளரைப் பள்ளத்தில் உட்கார வைத்த மாதிரி உட்கார வைத்து, குனிந்து நின்று வெட்டுகிறாள். முன்னைப் போல வேகம் இல்லை. முதுகு வலிக்கிறது என்று நாள் முழுக்கப் புலம்புகிறாள். ஆனால் முடி பழையபடியேதான் படிகிறது.

கழுத்துப் பட்டையோ கைக்கட்டோ போட்டுக்கொண்டு யாராவது உள்ளே வந்தால் போதும், கத்திரியைக் கீழே வைத்துவிடுவாள். "கார்ல அடியா? ஓட்டினது யாரு, நீயா? இல்லையா? அப்போ கேளு. கட்டில்ல படுத்திருக்கும்போது எவன் தாள் நீட்டினாலும் கையெழுத்துப் போடாதே. போட்டுட்டியா? ஐயோ, உன்னை…" என்று தொடங்கி, திட்டித் திட்டியே எல்லாவற்றையும் சொல்லி முடிப்பாள். முடி வெட்ட வந்தவர்கள் சிலர் பயந்து எழுந்து போனதும் உண்டு.

அம்மா மட்டும், தம்பி வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, கடைக்குப் போன் செய்கிறார். கேஸைப் பற்றி இரண்டு பேரும் பேசுவதில்லை. மூட்டு வலி, மாத்திரை, மழை என்று ஏதாவது பேசுவார்கள். போன வாரம் கத்திரி, "நீ இங்க வந்து என்கூட இருந்துடேன்" என்று கேட்டாள்.

"அவன் தனியாயிடுவானே" என்றார் அம்மா.

கத்திரி போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு நிமிஷம் அதையே பார்த்தாள். பிறகு திரும்பக் காதில் வைத்து, "சரி, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போடு" என்றாள்.